சிலையின் கையில் ஓர் இறகு

நாடகங்களாக எழுதிக் குவித்துவிட்டு ஓர் ஆங்கிலேயர் எப்போதோ செத்துப்போனார். ஊர்க்காரர்கள் தேவாலயத்துக்குள் அவருக்குச் சிலை வைத்தார்கள். அதில் காகிதமும் கல், மைக்கூடும் கல். பேனா மட்டும் நிஜமான வாத்து இறகு. அவர் பிறந்தநாள் வந்தால் பழைய இறகை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றைச் செருகுவது அங்கே வழக்கம்.

அந்த வருஷத்து இறகுக்குக் குளத்து வாசம்கூடப் போகவில்லை. செருகியதுமே கேட்டது: "என்ன எழுதப் போறோம்?"

"பொறு. ஐயா யோசிச்சுக்கிட்டு இருக்கார்" என்றது கல்விரல்.

இறகு பொறுத்தது. ஜன்னல் வெளிச்சம் கல் காகிதத்தின் மேல் மெல்ல ஊர்ந்துபோகும். முதல் எழுத்து எங்கே விழும் என்று அது கனவு கண்டுகொண்டே இருக்கும். சிலையைப் பார்க்க வந்தவர்கள் அவருடைய வசனங்களை முணுமுணுத்தார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அப்படி ஒரே ஒரு வார்த்தை எழுதினால் போதும் என்றிருந்தது இறகுக்கு.

மழை போய், பனி போய், மறுபடி பூக்கள் வந்தன.

"ஐயா யோசிச்சுக்கிட்டேதான் இருப்பாரா?"

விரல் உண்மையைச் சொன்னது: "எழுதின கை மண்ணுக்குள்ள போயிடுச்சு. நான் அப்புறம் செதுக்கின கல்லு. எனக்கு எழுதத் தெரியாது."

"அப்ப ஏன் அப்படிச் சொன்னே?"

"நீ அவ்வளவு ஆசையாக் கேட்டே."

பிறந்தநாள் வந்தது. இறகை உருவிச் சிலையின் காலடியில் வைத்தார்கள். வெள்ளைவெளேரென்று புதிய இறகு ஒன்று மேலே ஏறியதுமே கேட்டது: "என்ன எழுதப் போறோம்?"



இந்த முறை கீழே கிடந்த பழைய இறகுதான் முந்திக்கொண்டு சொன்னது: "பொறு. ஐயா யோசிச்சுக்கிட்டு இருக்கார்."