கூட்ட அறைக்கு மேலே ஒரு துளை

ஒரு பெரிய புற்று இருந்தது. உள்ளே வாழ்ந்த கரையான்களுக்கு அதுதான் கண்டம். அதில் நாற்பது அறைகள், ஒவ்வொன்றும் ஒரு நாடு.

அந்த வருஷம் காளான் நன்றாக விளைந்தது. வைக்க இடமில்லாமல் ஒவ்வொரு நாடும் தன் காற்றுத் துளையை அடைத்துக் கிடங்காக்கிக்கொண்டது. அடைத்துக் கொடுத்த கொத்தனார் கரையானே கடைசியில் கண்டத்தின் சபைக்கு வந்தார். வாயிலிருந்த மண்ணுருண்டையைக் கீழே வைத்தால்தான் அவரால் பேச முடியும். வைத்துவிட்டுச் சொன்னார்.

"ஐயா, அறையெல்லாம் கொதிக்குது. குஞ்சுங்க துவண்டு கிடக்கு. பாதித் துளையையாவது திறந்து விடணுங்க."

"அப்படியா? இங்கே ஒண்ணும் தெரியலையே," என்றார் தலைவர்.

"திறந்தா விளைச்சலை எங்கே கொண்டுபோய் வைக்கிறது?" என்றார் கிடங்கு அதிகாரி.

ஆராய ஒரு குழு போட்டார்கள். குழு அதே கூட்ட அறையில் உட்கார்ந்து ஆராய்ந்தது. சூடு இல்லை என்று அறிக்கை கொடுத்தது. புற்றில் மிச்சமிருந்த ஒரே துளை அந்த அறைக்கு நேர்மேலே இருந்தது.

அடுத்த கூட்டத்துக்குக் கொத்தனார் வாயில் மண்ணோடு வந்தார். சுவரேறிப் போய், அந்தத் துளையை உருண்டை உருண்டையாக அடைக்க ஆரம்பித்தார். இன்னும் ஒரு உருண்டைதான் பாக்கி.

தலைவர் நெளிந்தார்.

"என்னய்யா இப்படிப் புழுங்குது? எப்போதிலிருந்து?"

கொத்தனார் கடைசி உருண்டையைத் துளையில் வைக்காமல் கீழே வைத்தார்.

"நாலு மாசமாங்க."