ஒரு சாண் உயரத்தில்

டாக்டர் விநாயகமூர்த்தி காலையில் ஊசி போடுவார். பிற்பகலில், சீன ஆசானிடம் கற்ற, தொடாமலே குணமாக்கும் சீகோங் முறைப்படி, நோயாளியின் மார்புக்கு ஒரு சாண் உயரத்தில் வலது உள்ளங்கையைப் பிடிப்பார். யாங்கோனில் மூன்று தலைமுறையாக வைத்தியம் பார்க்கும் குடும்பம். பர்மிய வழக்கப்படி மரியாதையாக 'சயா' என்றுதான் கூப்பிடுவார்கள். ஏற்றுக்கொண்ட நோயாளியைப் பாதியில் விட்டதில்லை. இடக்கையால் சோற்றைத் தொட்டதுமில்லை.

அன்று ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் டாலாவிலிருந்து வந்திருந்த இராமையாவுக்குச் சிகிச்சை முடித்துக் கையை எடுத்தார். நாடி நின்றுவிட்டது. உள்ளங்கையை மறுபடி மார்புக்கு மேலே பிடித்தார். நாடி எழுபத்திரண்டு. எடுத்தார், நின்றது. பிடித்தார், எழுபத்திரண்டு.

"எடுத்துறாதீங்க சயா," என்றார் இராமையா, கண்ணைத் திறக்காமலே.

"ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்," என்றார் டாக்டர்.

"அங்க போனா செத்துட்டாருன்னு எழுதிருவாங்க," என்றாள் இராமையாவின் மனைவி பவுனம்மாள், பையை எடுத்துக்கொண்டே. "உங்க அப்பா யாரையும் பாதியில விட்டவர் இல்ல. வீட்டுக்கு வாங்க சயா. அக்கரை போட்டுக்கு நேரமாச்சு."

அப்பாவைப் பற்றிச் சொன்னதும் டாக்டர் செருப்பை மாட்டினார். இராமையா எழுந்து நடந்தார். டாக்டர் அவர் மார்புக்கு நேரே கையை நீட்டியபடி ஒட்டி நடந்தார்.

"நம்ம சயா மாதிரி வருமா? நோயாளிய வீடு வரைக்கும் கொண்டுபோய் விடுறாரு," என்றார்கள் தெருவில்.

படகில் தோள் விண்விண்ணென்று வலித்தது. கையை இறக்கவில்லை.

டாலா வீட்டில், காலையிலேயே வடித்த சோறு மூடியிருந்தது. பக்கத்தில் மூன்று தட்டுகள். மூன்றாவது தட்டின் இடப்பக்கம் ஒரு ஸ்பூன் வைத்திருந்தது.