காவல் குடிலின் முரசு

எங்கள் குடும்பத்தில் இரவுக் காவலின்போது எவனும் தூங்கியதில்லை. ஊருக்குக் காவலிருப்பவன் மணிக்கொரு முறை காவல் குடிலில் தொங்கும் குடைந்த மூங்கில் முரசைத் தட்டவேண்டும். தட்டாதவன் மானம் ஊரறியப் போய்விடும்.

“உங்க மகன் குறட்டை எங்க வீடு வரைக்கும் கேக்குது, பாக் சுரத்மான்” என்றான் எதிர்வீட்டு தர்மோ என்னிடம், மரியாதைக்குச் சொல்லும் ‘பாக்’கை மட்டும் விடாமல்.

“முரசு கேக்கலையா?”

“அதுவும் கேக்குது. அதான் புரியல.”

அன்றிரவு நானே போனேன். என் மகன் ஜரோட் தட்டுகோலைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அறையக் கையை ஓங்கினேன். அருகில் முரசு மூன்று முறை ஒலித்தது. மூன்றாவது அடிக்கு முன் சிறிது தாமதம். என் அப்பா அப்படித்தான் தட்டுவார். ஜரோட் பிறக்குமுன்பே அவர் இறந்துவிட்டார்.

மூங்கிலைத் தொட்டுப் பார்த்தேன். இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.

காலையில் தர்மோ வாசலில் நின்றான். “என்ன, தூங்கினானா?”

“எங்க குடும்பம் முழிச்சுத்தான் இருந்துச்சு” என்றேன்.