எடுத்ததைக் காட்டும் தட்டு

உடலிலிருந்து எதை எடுத்தாலும் தட்டில் வைத்து, வெளியே காத்திருக்கும் சொந்தக்காரர்களிடம் காட்டிவிட வேண்டும். எண்டாஸ்கோப்பி அறையில் ஜெனிட்டா சிஸ்டருக்கு அது இருபத்தாறு வருடப் பழக்கம். தட்டை யாராவது தொட்டுவிட்டால் மட்டும் அதட்டுவார்.

தினகருக்குத் தங்கை ஹரிணி தன் ஈரலில் பாதியைக் கொடுத்திருந்தாள். அவளுடைய பித்தக்குழாயை அவனுடையதோடு இணைத்த இடம் மட்டும் சுருங்கிக்கொண்டே வந்தது. அதை விரித்துப் பிடிக்க உள்ளே வைத்த சிறு குழாயான ஸ்டென்ட்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றினார்கள். அடைத்துக் கறுத்துப்போன பழைய ஸ்டென்ட்டைத் தட்டில் பார்க்கும்போதெல்லாம், தான் கொடுத்ததில்தான் ஏதோ குறையோ என்று ஹரிணியின் முகம் வாடிப்போகும்.

ஐந்தாவதாக வைத்தது, இருவரின் செல்களையும் கலந்து வளர்த்த ஸ்டென்ட். இன்று அதையும் எடுக்க டாக்டர் கேமராவை உள்ளே விட்டார். சிஸ்டர் வழக்கம்போல் தட்டை நீட்டிக்கொண்டு நின்றார்.

திரையில் ஸ்டென்ட்டைக் காணோம். சுருக்கமும் இல்லை. வழவழவென்று ஒரே குழாய். அதில் பொன்னிறமாகப் பித்தம் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் மேலும் கீழும் இரண்டு முறை தேடிவிட்டு, "ஜாயின்ட் எங்க சிஸ்டர்?" என்றார்.

சிஸ்டர் அதே தட்டோடு வெளியே வந்தார். ஹரிணி பதறி எழுந்தாள்.

"எடுக்க முடியலையா சிஸ்டர்?"

"எடுக்க ஒண்ணுமில்லம்மா. அது குழாயாவே ஆயிடுச்சு. எதுவரைக்கும் நீ, எங்கேருந்து உங்க அண்ணன்னு டாக்டருக்கே தெரியல."

ஹரிணி வெறும் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அதைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். சிஸ்டருக்கு அதட்டத் தோன்றவில்லை.