இலையில் படியாத உரம்

"கொன்ஸ்ரன்ரைன் அண்ணை, இலை உரம் அடிச்சனீங்களோ?"

வெள்ளவத்தையில், எண்ணெய் வடிப்பதற்காக மொட்டைமாடியில் றோசா வளர்க்கும் சுபோதினியின் குரல் கடுமையாக இருந்தது.

"ஓம் மிஸ். வெயில் ஏற முன்னமே எல்லா இலைக்கும் விசிறினனான்."

"காய்ஞ்சா வெள்ளையாப் படியுமே, எங்கை? வெறும் தண்ணியை அடிச்சுப்போட்டு என்னைப் பேய்க்காட்டுறியளோ?"

கொன்ஸ்ரன்ரைன் ஓர் இலையைத் தடவிப் பார்த்தார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. உரத்தை வீட்டில் கரைத்துப் போத்தலில் கொண்டுவந்தது அவர்தான். வீட்டு மேசையில் இதைப்போலவே இன்னொரு போத்தலும் இருந்தது. திரும்பிப் படியை நோக்கி ஓடினார்.

"கள்ளம் பிடிபட்டவுடனை ஓடுறியளோ? இனி இந்தப் பக்கம் வரவேண்டாம்!"

அது அவர் காதில் விழவில்லை. இறங்கியபடியே முகத்துவாரத்தில் இருந்த தன் வீட்டுக்குப் போன் எடுத்தார். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி எடுத்தார். மனைவி பேசினாள்.

"மெற்றில்டா, மேசையில இருந்த போத்தல்... அதைப் பிள்ளைக்குக் குடுத்தனியோ?"

"கோயில் தீர்த்தம்தானே? காய்ச்சல் எண்டு குடுத்தனான்."

"ஐயோ, தீர்த்தத்தை நான் றோசாவுக்கு அடிச்சிட்டன். அது உரமடி! குடிச்சிட்டாளோ?"

"மாதாவே! வாயில வைச்சவுடனை கைக்குது எண்டு துப்பிட்டாள். தீர்த்தத்தைத் துப்புறியோ எண்டு அடிச்சும் போட்டன். மூலையில இருந்து அழுகிறாள்."

"ஒரு மிடறும் உள்ளுக்குப் போகேல்லையோ?"

"இல்லையப்பா. முழுக்க என்ரை சட்டையில."

கொன்ஸ்ரன்ரைன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"போனை அவளிட்டைக் குடு. அழுதாலும் பரவாயில்லை, சத்தத்தைக் கேக்கவேணும்."