போகிச் சுத்தம்

போகியன்று மொட்டைமாடியைக் கழுவிய வேகத்தில், அடுப்புக்கு எரிவாயு தரும் பாசித் தொட்டியிலும் பிளீச்சிங் பவுடரைப் போட்டுத் தேய்த்துவிட்டான் குமரவேல். மாலைக்குள் அடுப்பு அணைந்தது.

"பாசியைப் போய் யாராவது தேய்ப்பாங்களா? நாளைக்குப் பொங்கலை எதுல வைக்கிறது?" என்றாள் மனைவி வளர்மதி.

கிண்ணத்துடன் பக்கத்து வீட்டுக்குப் போனான். அவன் மாடியில் போட்ட தகரக் கூரை தங்கள் தொட்டிக்கு வரும் வெயிலை மறைக்கிறது என்று சண்டைபோட்டு, ஒரு வருடமாகப் பேசாத வீடு.

"விளக்கு வச்ச பிறகு உறைக்குப் பாசி கேக்குறீங்களே!" என்று சிரித்தபடி ஊற்றிக் கொடுத்தாள் தில்லைநாயகி அக்கா. "இது வளர ஒரு வாரமாகும் தம்பி. நாளைக்கு உங்க பானையையும் இங்கேயே கொண்டாங்க. என்ன, எங்க அடுப்பு மெதுவாத்தான் எரியும்."

ஏன் என்று அவன் கேட்கவில்லை. கிண்ணத்தை வளர்மதியிடம் கொடுத்துவிட்டு, ஸ்பேனரோடு மாடியேறினான்.