உரித்தெடுத்த பெயர்

சீசன் தொடங்குமுன்பே பஞ்சாயத்து தொடங்கிவிட்டது. தையல்காரரின் மேசையில் அவர் மச்சினனின் வெளுத்த கால்பந்து ஜெர்சி குப்புறக் கிடக்கிறது. ஓய்வுபெற்ற கேப்டனின் பெயரை எடுத்துவிட்டு, அணி புதிதாக வாங்கிய பொடியனின் பெயரை ஒட்ட வேண்டுமாம். “மீசையே முளைக்கல, அவனுக்குக் கேப்டனோட பத்தாம் நம்பரா?” என்று பொருமுகிறார் தையல்காரர். “கிழவங்கள வச்சுக்கிட்டு போன சீசன் என்னத்த கிழிச்சோம், மாமா? ஓடுறதுக்கு ஆள் வேணாமா?” அவர் இஸ்திரிப்பெட்டியை வைத்தெடுத்து, இளகிய வெள்ளை எழுத்துகளை நகத்தால் நெம்புகிறார். அந்தப் பெயரைக் கத்தித்தான் எத்தனையோ ஞாயிறுகளில் இருவருக்கும் தொண்டை கட்டியிருக்கிறது. கடைசி எழுத்தும் உரிந்துவிடுகிறது. மச்சினன் ஜெர்சியை ஜன்னல் வெயிலில் தூக்கிப் பிடிக்கிறான். வெளுத்த துணியில் எழுத்துகள் இருந்த இடம் மட்டும் வாங்கிய அன்றைய சிவப்பில் பளிச்சென்று இருக்கிறது. பெயர் முன்னைவிடத் தெளிவாகத் தெரிகிறது. ஜெர்சியை அப்படியே மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்கிறான். “அந்தப் பையன் வேற நம்பர் போட்டுக்கட்டும், மாமா.”